புது ஆளை வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டால் போதுமா?

புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பழக்குவதற்கு எந்த மென்பொருள் உதவும் என்று டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சில.

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். விலைப்பட்டியல், லீவு விவரம் எல்லாவற்றையும் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறோம். அப்படியும் புதுப் பையன்கள் ஒவ்வொருத்தரும் அதையே வந்து கேட்கிறார்கள். ஏன்?

கேட்கத்தான் செய்வார்கள். குழுவில் இன்று சேர்கிறவருக்கு நீங்கள் நேற்று வரை போட்டது தானாகத் தெரியாது. மேலே 'பின்' செய்து வைத்தாலும் மூன்று செய்திகள்தான், அதுவும் அதிகபட்சம் 30 நாள். பித்தளை விலை மாறிய செய்தி காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் எங்கேயோ போயிருக்கும்.

கூகுள் டாக்ஸில் ஒரே ஒரு பக்கம் திறங்கள். கடை நேரம், முகூர்த்த நாளில் லீவு உண்டா, எதை எடை போட்டு விற்கிறோம், எதை எண்ணி விற்கிறோம், பழைய பாத்திரம் எடுத்தால் கழிவு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கட்டும். அந்த லிங்க்கைக் குழுவின் விவரப் பகுதியில் போட்டுவிடுங்கள். எப்போது சேர்ந்தவர் பார்த்தாலும் அது அங்கேயே இருக்கும். பையன்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள், திருத்த வேண்டாம். விலை மாறினால் பக்கத்தில் மாற்றிவிட்டு, குழுவில் 'மாறியிருக்கிறது' என்று ஒரு வரி போட்டால் போதும். பக்கத்தில் இல்லாத ஒன்றை யாராவது கேட்டால் பதில் சொல்லுங்கள். அன்றைக்கே அதையும் அதில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: அந்தப் பக்கம் கடையின் ஜிமெயில் கணக்கில் இருக்கட்டும். கணக்கு எழுதுகிற தம்பியின் சொந்தக் கணக்கில் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது பக்கமும் அவரோடு போய்விடும்.

திருவாரூர் பக்கம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். சம்பா அறுவடைக்கு, தை மாசியில் மட்டும் ஆள் எடுக்கிறோம். உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்க நேரமே இல்லை.

அறுவடை நேரத்தில் நேரம் இருக்காதுதான். மார்கழியிலேயே தயார் செய்து வையுங்கள். ட்ரெல்லோ என்ற வேலைப்பட்டியல் செயலியில் 'புது ஆள்' என்று ஒரு மாதிரி அட்டை உருவாக்கி, ஆள் வரவர அதை நகலெடுத்து அவர் பெயரைப் போடலாம். அட்டைக்குள் நான்கைந்து வேலைகள் போதும்: ஈரப்பத மீட்டர் பிடிப்பது, சாக்கு எடை கழிப்பது, விவசாயியின் ஆவணங்களையும் வங்கி விவரத்தையும் சரிபார்ப்பது, ரசீது போடுவது. ஒவ்வொன்றுக்கும் டிக் அடிக்க வேண்டியவர் சொல்லிக்கொடுத்தவர். கற்றுக்கொண்டவரிடம் விட்டால் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்துவிடும்.

மீட்டருக்கு மட்டும் இரண்டு நிமிட வீடியோ எடுத்து அட்டையிலேயே இணையுங்கள். மூட்டையின் வாயில் இருக்கும் காய்ந்த நெல்லை மட்டும் அள்ளி அளந்துவிட்டு 'சரி' என்பார் புது ஆள். நடுவிலும் அடியிலும் எடுத்துக் கலந்து அளக்க வேண்டும் என்பது படிப்பதை விடப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். அரசுக் கொள்முதலில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழையில் நனைந்த பருவத்தில் தளர்வு வந்தால் நீங்கள் எடுக்கும் அளவும் மாறலாம். அந்த எண் ஒரே இடத்தில் எழுதியிருக்கட்டும். வீடியோவில் எண்ணைச் சொல்லாதீர்கள், அடுத்த வருடம் அது தப்பாகிவிடலாம்.

அரிசி ஆலையில் பீகார்த் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சல் கிடையாது. மைக்ரோசாப்டின் அலுவலக அரட்டை மென்பொருளான டீம்ஸ் வாங்கலாமா?

வேண்டாம். டிரையர், நிறம் மாறிய அரிசியைப் பிரிக்கும் சார்ட்டெக்ஸ் இயந்திரம் பக்கத்தில் க்யூஆர் ஒட்டி, தமிழிலும் இந்தியிலும் சின்ன வீடியோ வையுங்கள். பாய்லர், எலிவேட்டர் பெல்ட் பக்கம் எதைத் தொடக்கூடாது என்பதை மட்டும் போனை நம்பி விடாதீர்கள். அதை நேரில் நின்று காட்ட வேண்டும்.

தஞ்சாவூரில் சிறிய மென்பொருள் நிறுவனம். பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை. ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியை இலவசமாகப் பயன்படுத்துகிறோம். புதியவர்கள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது, ஓராண்டு தாண்டியவை அழிந்துவிடும். முடிவுகளை அரட்டையிலேயே விட்டுவைக்காதீர்கள்.

அடுத்து, 'புதியவர் கேள்வி' என்று தனிச் சேனல் தொடங்குங்கள். தனிச் செய்தியில் ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும், ஆறாவதாகச் சேர்கிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் 'சார்' பார்க்கிற இடத்தில் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால் நீங்கள் அந்தச் சேனலில் இருக்காதீர்கள். போன வருடம் சேர்ந்தவர் ஒருவரைப் பொறுப்பாக்கி, முதல் வாரத்தில் அவரையே இரண்டு கேள்வி போடச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குக் கூச்சம் விடும்.

ஆதார், பாஸ்புக் நகலைக் குழுவிலேயே அனுப்பச் சொல்கிறோம். தப்பா?

தப்புதான், இன்றே நிறுத்துங்கள். அடையாளத்துக்கு மட்டும் என்றால் கடைசி 4 இலக்கம் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும், ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம். பி.எஃப். போன்றவற்றுக்கு முழு எண் தேவைப்பட்டால் கணக்குப் பிரிவில் ஒருவரிடம் மட்டும் போகட்டும்.

மயிலாடுதுறையில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம் என்றால் சீனியர் மெக்கானிக் வாயே திறக்க மாட்டேன் என்கிறார்.

சொல்லிக்கொடுத்துவிட்டால் தன்னை யார் தேடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அதில் நியாயமும் இருக்கிறது. எந்த மென்பொருளும் இதைச் சரி செய்யாது. அவரை எழுதச் சொல்லாதீர்கள். வேலை செய்துகொண்டே பேசட்டும், பக்கத்தில் ஒரு பையன் போனில் எடுக்கட்டும். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும், அதைத் திருத்தி ஒரு பக்கமாக்கி மேலே அவர் பெயரைப் போடுங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அதில் யாரும் கை வைக்கக்கூடாது. அப்புறம், பழக்கிவிட்ட ஒவ்வொரு புது ஆளுக்கும் அவருக்கு ஒரு தொகை கொடுங்கள். சம்பளத்தோடு சேர்க்காமல் தனியாக.