பறவை கண்டவர்கள் கேட்டவை

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் ஆட்களுக்குக் கழுத்து நேராக நிற்காது. வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்க இறங்க, மங்கலான படங்களும் அரை நிமிட ஒலிப்பதிவுகளும் "இது என்ன?" என்ற ஒற்றை வரியோடு வந்து குவிகின்றன. இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ஒரு சின்ன வேண்டுகோள்: படத்தோடு இடம், நேரம், அந்தப் பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். தெளிவில்லாத படத்தைவிட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் உதவும்.

சார், எங்கள் வேப்பமரத்தில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு ஒரு பெரிய பழுப்புப் பறவை. கண் ரத்தச் சிவப்பு. கழுகுக் குஞ்சா? (தாம்பரம்)

பெண் குயில். அதிகம் வரும் கேள்வியே இதுதான். குயில் என்றால் கறுப்பு என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. கறுப்பு ஆணுக்கு மட்டும்தான். நாம் ரசிக்கும் அந்தக் 'கூ...ஊ'வும் ஆணுடையதே. பெண் பாடாது, 'கிக் கிக் கிக்' என்று படபடவெனக் கத்திக்கொண்டு கிளைக்குக் கிளை தாவும். பக்கத்தில் காக்கைக்கூடு இருக்கிறதா பாருங்கள். குயில் தன் முட்டையைப் பெரும்பாலும் காக்கைக்கூட்டில்தான் இடும். ஆண் கூட்டருகே போய்க் கத்தி, காக்கைகளைத் தன்னைத் துரத்தவைத்து, பெண் முட்டையிட வழி செய்வதும் உண்டு. கோடையில் காக்கைகள் ஒரு குயிலை விரட்டிக்கொண்டு போனால், அதன் இணை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அண்ணா, காலையில் பால்கனியில் பல நிறத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. வால் இல்லவே இல்லை. பறக்கவும் இல்லை. அட்டைப்பெட்டியில் வைத்துப் பால் கொடுத்தேன், குடிக்கவில்லை. என்ன செய்ய? (வேளச்சேரி, சென்னை)

முதலில் பாலை எடுத்துவிடுங்கள். எந்தப் பறவைக்கும் பால் ஆகாது. சோறும் பிஸ்கட்டும் வேண்டாம். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

உங்களிடம் இருப்பது தோட்டக்கள்ளன். ஆறுமணிக்குருவி என்றும் சொல்வார்கள், விடியலிலும் அந்தியிலும் சரியாகக் குரல் கொடுப்பதால். பச்சை முதுகு, கண் வழியே ஓடும் கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, இறக்கையில் கொஞ்சம் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் விழுந்துவிடவில்லை, அதற்கு வாலே அவ்வளவுதான்.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை இது. பயணம் இரவில். விடியும் நேரத்தில் களைத்துப்போய் இறங்கப் பார்த்தால் கீழே காடு இல்லை, நம் அடுக்குமாடிகள்தான். விளக்கு வெளிச்சத்தில் குழம்பிக் கண்ணாடியில் மோதும். மோதாமல் தப்பினால் காக்கைகள் சூழ்ந்துகொள்ளும். அதனால்தான் அக்டோபரில் சென்னையில் குளியலறை, கார் நிறுத்துமிடம், பள்ளி வராந்தா என்று எங்கெங்கிருந்தோ இதே படம் வருகிறது.

பெட்டி சரியான யோசனை. மூடியில் நாலைந்து துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, இருட்டான அமைதியான மூலையில் வையுங்கள். பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டாம், செல்ஃபி வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளே தத்தும் சத்தம் கேட்கும். மாலையில் காக்கைகள் அடங்கியபின், புதரும் உதிர்ந்த இலையும் உள்ள இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ காத்திருக்காமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

வயலில் நிற்கும் எல்லாக் கொக்கும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. பிரித்தறிய ஒரு வழி சொல்லுங்கள். (மன்னார்குடி)

நிறத்தை விடுங்கள், பெரும்பாலானவை வெள்ளைதான். காலையும் அலகையும் பாருங்கள். அலகும் காலும் கறுப்பாகி, பாதவிரல் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக்கொக்கு. அது சேற்றில் ஒரு காலை உதறி உதறி மீனைக் கலைக்கும். அப்போது அந்த மஞ்சள் விரல் பளிச்சென்று தெரியும். குட்டையான மஞ்சள் அலகோடு மாட்டின் காலடியில் திரிந்தால் உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகிவிடும். கழுத்து பாம்பு போல நெளிந்து, ஆள் இடுப்புயரம் நின்றால் பெரிய கொக்கு. சேற்று நிறத்தில் வரப்போரம் அசையாமல் உட்கார்ந்திருந்து, நீங்கள் பக்கத்தில் போனதும் திடீரென்று வெள்ளை இறக்கையை விரித்துப் பறந்தால் மடையான். உழவு நடக்கும் வயலில் ஒரு காலைப் பொழுது நின்றால் பெரும்பாலும் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

தேன்சிட்டு ஒன்று தினமும் என் வண்டிக் கண்ணாடியைக் கொத்துகிறது. அலகு உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் சகுனம் என்கிறார்கள். (ஈரோடு)

சகுனமெல்லாம் இல்லை. கண்ணாடியில் தெரிவது தன் எல்லைக்குள் நுழைந்த இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. கூடு கட்டும் பருவத்தில் தையல்சிட்டும் வாலாட்டிக்குருவியும் இதையே செய்யும். வண்டியை நிறுத்தியதும் இரண்டு கண்ணாடிக்கும் பழைய காலுறையை மாட்டிவிடுங்கள். சில வாரத்தில் மறந்துவிடும். ஜன்னல் கண்ணாடி என்றால் உள்ளே திரை போட்டுப் பயனில்லை, பிம்பம் விழுவது வெளிப்புறத்தில். வெளியே காகிதம் ஒட்டுங்கள்.

வல்லூறு என்று நினைத்துப் படம் எடுத்தேன். நண்பர் அக்காக்குயில் என்கிறார். யார் சொல்வது சரி? (கோவை)

நண்பர். ஏமாந்தது நீங்கள் மட்டும் அல்ல, சிறு பறவைகளே ஏமாறுகின்றன. அக்காக்குயிலின் சாம்பல் முதுகு, வரிபோட்ட வால், பறக்கும் விதம், கிளையில் வந்து அமர்ந்ததும் வாலை ஆட்டுவது எல்லாம் சிறு பறவைகளை வேட்டையாடும் வல்லூறின் அச்சு. உங்கள் படத்தில் அலகைப் பெரிதாக்கிப் பாருங்கள். வல்லூறுக்குக் கொக்கிபோல் வளைந்திருக்கும். இதற்கு நீண்டு, கிட்டத்தட்ட நேராக இருக்கிறது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் வேறு. அதுவும் குயிலைப்போல அடுத்தவர் கூட்டில்தான் முட்டையிடும். பெரும்பாலும் தவிட்டுக்குருவிதான் இளிச்சவாயன்.

பருந்துக்கும் செம்பருந்துக்கும் என்ன வித்தியாசம்?

வால். நடுவில் பிளந்திருந்தால் கரும்பருந்து, வட்டமாக இருந்தால் செம்பருந்து. வளர்ந்த செம்பருந்துக்குத் தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். கோயில் கோபுரத்தின் மேல் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தக் கருடன் இதுதான்.

ஐயா, பழைய வீட்டுப் பரணில் இரவு எட்டு மணிக்குமேல் 'உஸ்ஸ்... உஸ்ஸ்' என்று சீறும் சத்தம். பாம்பு என்று ஆள் கூப்பிட்டோம், அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவு அனுப்பியுள்ளேன். (தஞ்சாவூர் அருகே)

கேட்டேன். பாம்பு இவ்வளவு நேரம், இவ்வளவு சீராகச் சீறாது. கூகைக் குஞ்சுகள். பசிக்குக் கத்துகின்றன. தாய் இரையோடு வந்து இறங்கும்போது சத்தம் உச்சத்துக்குப் போய், கொஞ்ச நேரம் அடங்கும். பதிவின் நடுவில் அப்படி ஒரு இடைவெளி தெளிவாக விழுகிறது.

பகலில் பரணுக்குக் கீழே தரையைப் பாருங்கள். கட்டைவிரல் அளவில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். அது எச்சம் அல்ல. கூகை எலியை அப்படியே விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டி வாயால் கக்கிவிடும். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் எலியின் மண்டையோடு முழுசாக வரும். பிள்ளைகள் இருந்தால் கையுறை போட்டுக் காட்டுங்கள், எந்தப் பாடப்புத்தகமும் இதற்கு ஈடில்லை.

முட்டைகள் இடைவெளிவிட்டுப் பொரிவதால் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று அளவில் வித்தியாசமாக இருக்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பறந்துவிடும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஆந்தை வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்று உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நெல் விளையும் ஊரில், கூலி வாங்காமல் இரவெல்லாம் எலி பிடிக்கும் குடும்பத்தை யாராவது துரத்துவார்களா?

புல்புல் கூட்டில் மூன்று குஞ்சுகள். கிளையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு எடுத்த படத்தை வெளியிடலாமா?

வேண்டாம். எடுத்ததே தவறு என்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புல்புல் அந்தக் கிளையைத் தேர்ந்தெடுத்ததே மறைவுக்காக. அதை விலக்கினால் வெயில் நேராக விழும். சிறகு முளைக்காத குஞ்சு அந்தச் சூட்டைத் தாங்காது. அதைவிட முக்கியம், நம்மைக் காக்கை பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாம் குனிந்து குனிந்து எதைப் பார்த்தோம் என்று நாம் நகர்ந்ததும் வந்து பார்க்கும். செம்போத்தும் அப்படியே. இன்றே கிளையை மெல்லப் பழையபடி கட்டிவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கூட்டுப் படத்துக்கு நிறைய விருப்பக்குறி விழும், அது தெரியும். அதைப் பார்த்து இன்னொருவர் தன் தோட்டத்தில் கிளையை விலக்குவார். அரிய பறவை என்றால் இன்னும் மோசம். இடத்தைச் சொன்ன மறுநாளே கேமராக்கள் வரிசைகட்டும். ஆந்தை பகலில் தூங்கும் மரம், கழுகின் கூடு இவற்றையெல்லாம் மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள். பிடிப்பவர்களால் ஆபத்துள்ள சில இனங்களின் இடத்தை பறவைப் பட்டியல்களைப் பதிவுசெய்யும் ஈ-பேர்ட் இணையதளம் தானே மறைத்துவிடுகிறது. நாமும் அந்த அளவு கவனமாக இருக்கலாம். குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். எதிரி வந்துவிட்டான் என்று அது குஞ்சை விட்டுவிட்டு அலையும்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. ஒரு படத்தை வெளியிடாமல் இருப்பது அதைவிடப் பெரிய தியாகம் இல்லை.

செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறதே? (மதுரை)

ஆண்டுதோறும் மார்ச் 20 அன்று, சிட்டுக்குருவி நாளில் வரும். கோபுரம்தான் காரணம் என்று உறுதியாகவில்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020 அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்துள்ளது என்று சொன்னது.

நகரத்தில் என்ன மாறியது என்று பாருங்கள். ஓட்டு வீட்டின் இடுக்கு போய்க் கான்கிரீட் வந்தது. வாசலில் நெல் புடைப்பது நின்றது. வளர்ந்த குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். நம் தோட்டத்தில் மருந்தடித்துப் பூச்சியே இல்லை. கூட்டுப்பெட்டி வைப்பதானால் துளை ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரைக்குள் இருக்கட்டும், பெரிதானால் மைனா குடியேறும். வெயில் படாத சுவரில், பூனை எட்டாத உயரத்தில். பக்கத்திலேயே ஒரு செம்பருத்திப் புதர் இருந்தால் இன்னும் நல்லது.

காயம்பட்ட கிளி ஒன்றை வளர்த்து இப்போது பேசவும் செய்கிறது. கூண்டில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. நம் நாட்டுக் கிளிகள் எல்லாம் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். மனசு கேட்காதுதான்.

தொலைநோக்கி வாங்க வேண்டும். 8x42, 10x50 என்கிறார்கள். தலை சுற்றுகிறது.

முன் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. பின் எண், முன்புற வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு. 8x42 வாங்குங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் கடையில் போட்டுப் பார்த்து, வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொண்டு பணம் கொடுங்கள்.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி விடியற்காலை நாலரைக்கு வல்லூறு என்று காட்டியது. பட்டியலில் சேர்த்துவிட்டேன். சரியா? (திருநெல்வேலி)

எடுத்துவிடுங்கள். அந்த நேரத்துக்குக் கத்துவது பெரும்பாலும் கரிச்சான், நம் ரெட்டைவால் குருவி. ஊரில் முதலில் எழுவது அதுதான். வல்லூறின் குரலை அப்படியே பழிக்கவும் செய்யும். செயலி நல்ல உதவியாள், சாட்சி அல்ல. அது ஒரு பெயர் சொன்னால் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்க முடியவில்லையா, ஒலிப்பதிவை இணைத்துவிடுங்கள். வழக்கத்துக்கு மாறான பதிவுகளை ஈ-பேர்ட்டில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் சரிபார்க்கிறார்கள். கேள்வி கேட்டு அவர்கள் எழுதினால் சண்டைக்குப் போகாதீர்கள்.

அண்ணா, எங்கள் தெருவில் காக்கை, மைனா, புறாதான். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? (விருதுநகர், பத்தாம் வகுப்பு மாணவி)

நல்ல கேள்வி கண்ணு. அரிய பறவைக்கு ஆயிரம் பேர் கேமராவோடு போகிறார்கள். உன் தெருக் காக்கையை எண்ண உன்னைவிட்டால் ஆள் இல்லை. மேலே சிட்டுக்குருவி பற்றிச் சொன்ன அறிக்கையே, நாடெங்கும் சாதாரண ஆட்கள் ஈ-பேர்ட்டில் ஏற்றிய பட்டியல்களை வைத்து எழுதப்பட்டதுதான். சின்ன வயதில் தெருவெல்லாம் சிட்டுக்குருவி இருந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, எத்தனை இருந்தது என்று அப்போது யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால் இன்று ஒப்பிட முடியவில்லை.

பொங்கல் நாள் கணக்கெடுப்பு 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. பொங்கலை ஒட்டிய நாலு நாள். மொட்டை மாடியில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதை, காதில் விழுந்ததை எல்லாம் எண்ணிக்கையோடு எழுது. 'நிறைய மைனா' என்று எழுதாதே, 'மைனா 6' என்று எழுது. பெயர் தெரியாத பறவை வந்தால் கை போனபடி படம் வரைந்து, எங்கே உட்கார்ந்தது, என்ன தின்றது என்று குறித்து எனக்கு அனுப்பு. பட்டியலை அப்பாவின் போனிலிருந்து ஈ-பேர்ட்டில் ஏற்றிக்கொள்ளலாம். கரும்பு கடிப்பதற்கு முன்னாலேயே, விடிந்ததும் முடித்துவிடு. வெயில் ஏறினால் பறவையும் வராது, உனக்கும் பொறுமை இருக்காது.