முள்ளெலி இனப்பெருக்கம்: முதல் ஈற்றுக்கு முன் வரும் கேள்விகள்

அமெரிக்காவில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலியை வீட்டளவில் பெருக்க நினைப்பவர்களின் கேள்விகள் இவை.

டெக்சாஸில் இருக்கிறோம். இரண்டு பெட்டைகள் இருக்கின்றன. உரிமம் எடுக்க வேண்டுமா?

இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பெட்டைகள் நான்கு வரை இருந்து, உங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த குட்டிகளை மட்டும் செல்லப்பிராணியாக விற்றால், அமெரிக்க மத்திய வேளாண் துறை (USDA) உரிமம் தேவையில்லை. பலர் தவறுவது எண்ணிக்கையில்தான். நாய், பூனை, முள்ளெலி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நான்கு. கணக்கும் ஆளுக்கல்ல, வீட்டுக்கு. கணவர் பெயரில் மூன்று, மனைவி பெயரில் மூன்று என்று பிரித்துக் காட்ட முடியாது. மாநில, நகர விதிகள் தனி. கலிபோர்னியா, ஹவாய், ஜார்ஜியா, பென்சில்வேனியா, நியூயார்க் நகரம் ஆகியவற்றில் முள்ளெலி வளர்ப்பதற்கே தடை. வாங்குபவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே கடையில் வாங்கிய ஆணும் பெண்ணும் இருக்கின்றன. இரண்டும் நல்ல ஆரோக்கியம். சேர்க்கலாமா?

வேண்டாம். அவை ஒரே தாயின் குட்டிகளாகவும் இருக்கலாம்.

ஆப்பிரிக்காவிலிருந்து முள்ளெலி இறக்குமதி 1990களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் இன்றிருப்பவை பெரும்பாலும் அதற்கு முன் வந்தவற்றின் வாரிசுகள். வம்சம் குறுகலாக இருப்பதால் பரம்பரைக் கோளாறுகளுக்கு இடம் அதிகம். அவற்றில் மோசமானது தள்ளாட்ட நோய். பின்னங்காலில் தள்ளாட்டம் தொடங்கி, படிப்படியாகப் பக்கவாதமாகி, உயிரை எடுத்துவிடும். மருந்து கிடையாது. பரம்பரையாக வருவதாகவே கருதப்படுகிறது.

சிக்கல் என்னவென்றால், நோய் பெரும்பாலும் 2 வயதை ஒட்டித்தான் வெளியே தெரியும். அதற்குள் பெட்டை இரண்டு மூன்று ஈற்று போட்டிருக்கும். அதனால் இன்றைக்குப் பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி இணை சேர்க்க முடியாது. பெற்றோர், தாத்தா பாட்டி எத்தனை வயது வரை இருந்தன, எதனால் இறந்தன என்று எழுதி வைத்திருப்பவரிடம்தான் வாங்க வேண்டும். அந்தத் தாளைக் காட்டாதவரிடம் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். உங்களிடமிருந்து போகும் ஒவ்வொரு குட்டிக்கும் நீங்களும் அதே பதிவைத் தொடங்குங்கள். இரண்டு பெட்டை, அவற்றுக்கு உறவில்லாத ஓர் ஆண் என்று தொடங்கினால் போதும்.

எந்த வயதில் சேர்ப்பது? எப்போது ஈனும் என்று எப்படிக் கணக்கிடுவது?

பெட்டை இரண்டு மாதத்திலேயே சினைப்படக்கூடும், ஆனால் உடம்பு தாங்காது. 6 மாதம் முடியட்டும். முதல் ஈற்றை ஒரு வயதுக்கு மேல் தள்ளிப் போடுவதும் நல்லதல்ல. இடுப்பெலும்பு இறுகிவிட்டால் பிரசவம் சிக்கலாகும்.

பெட்டையை ஆணின் கூண்டில் விடுங்கள். ஆண் கீச்சிட்டுக்கொண்டே சுற்றும், பெட்டை சீறும்; அது சண்டையல்ல. கடித்து ரத்தம் வந்தால் மட்டும் பிரியுங்கள். 10 நாள் சேர்த்து வைத்துவிட்டுத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள்.

சினைக்காலம் 34 முதல் 37 நாள். மார்ச் 1 முதல் 10 வரை சேர்ந்திருந்தால், ஏப்ரல் 4க்கும் 16க்கும் இடையில் ஈனும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை பாருங்கள். மூன்று வாரத்தில் 50 கிராம் ஏறியிருந்தால் சினை என்று நம்பலாம். முப்பதாம் நாளோடு கூண்டைச் சுத்தம் செய்து, சக்கரத்தை எடுத்துவிட்டு, ஃப்ளீஸ் துணித் துண்டுகளோடு ஒரு மூடிய பெட்டி வையுங்கள். அதன் பிறகு கைவைக்கக் கூடாது.

முதல் ஈற்றில் தாய் குட்டிகளைத் தின்றுவிட்டது. ஏன்?

பெரும்பாலும் இடையூறுதான் காரணம். கூண்டைத் திறந்து பார்ப்பது, படம் எடுப்பது, பக்கத்தில் தொலைக்காட்சி, ஆணைப் பிரிக்காமல் விடுவது. முதல் பத்து நாள் சாப்பாடும் தண்ணீரும் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். புரதம் 30-35 சதவீதம் உள்ள பூனை உணவைப் பாலூட்டும் தாய்க்கு அளவு பார்க்காமல் கொடுக்கலாம்.

குட்டி ஏதாவது பெட்டிக்கு வெளியே குளிர்ந்து கிடந்தால், தாயின் படுக்கைத் துணியில் நன்றாகத் தேய்த்த கரண்டியால் அள்ளி உள்ளே விடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். அடுத்த ஈற்றிலும் தின்றால் அந்தப் பெட்டையை மறுபடி சேர்க்க வேண்டாம்.

டிசம்பரில் ஒரு காலை முள்ளெலி சில்லென்று சுருண்டு கிடந்தது. உறக்கநிலையா?

ஆமாம், இந்த இனத்துக்கு அது ஆபத்து. அறை 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உடம்பு ஒடுங்கத் தொடங்கும். சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து மெதுவாகச் சூடேற்றி, எக்ஸோடிக் (நாய், பூனை அல்லாத அரிய செல்லப்பிராணிகளைப் பார்க்கும்) மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெந்நீரில் போடக் கூடாது. கூண்டு 24-28 டிகிரியில் இருக்க, தெர்மோஸ்டாட்டோடு (வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கருவி) செராமிக் ஹீட்டர் மாட்டுங்கள். வெளிச்சம் தரும் பல்பு வேண்டாம். இரவில் நடமாடும் பிராணி இது.

குட்டியில் ஆண் பெண் எப்படித் தெரியும்?

அடிவயிற்றின் நடுவில் தொப்புள் போல ஒரு புள்ளி இருந்தால் ஆண். இரண்டு துளையும் வாலோரம் நெருங்கியிருந்தால் பெண். கண் திறக்க இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆறாவது வாரத்தில் பால் மறந்துவிடும். ஏழாவது வாரத்துக்குள் ஆண் குட்டிகளைப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தங்கையோ தாயோ சினையாகிவிடும்.

ஊரில், திருநெல்வேலிப் பக்கம் முள்ளெலி கிடைக்கிறதே?

அது வேறு இனம், வறண்ட தென்னிந்தியாவுக்கே உரிய காட்டு விலங்கு. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் கூடாது. இதோடு கலக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

முள்ளெலியின் கழிவில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். நோய் அறிகுறி எதுவும் அதனிடம் தெரியாது. 2019இல் அமெரிக்காவில் வளர்ப்பு முள்ளெலிகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா தொற்றே பரவியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தொடவே கூடாது. சக்கரத்தையும் கிண்ணங்களையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வெளியே ஒரு தனி வாளி வையுங்கள்.