மொட்டை மாடியில் விருந்து: குறைந்த செலவில் விளக்கும் அலங்காரமும் – கேள்வி பதில்

வீட்டு விழாக்களுக்கு விளக்கும் பந்தலும் அமைத்துத் தருவது என் தொழில். மொட்டை மாடியிலேயே சிறிய அளவில் விருந்து வைக்க விரும்புவோர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும் இவை.

கேள்வி: எங்கள் மாடி இருபதுக்கு முப்பது அடி. மகளின் பிறந்தநாளுக்கு நாற்பது பேர் வருகிறார்கள். படிக்கட்டு அறையின் மேல் ஒரு ஃபோகஸ் லைட் வாங்கி மாட்டினால் போதுமா?

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உயரத்திலிருந்து ஒரே இடத்தில் பாயும் வெள்ளை வெளிச்சம் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணைக் கூச வைக்கும்; எதிரே இருப்பவரின் முகத்தில் பாதி இருட்டாகிவிடும்; பக்கத்து வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டி வரை எல்லாம் தெரிவதால், உங்கள் மாடி விழா நடக்கும் இடமாகவே தோன்றாது. அதே பணத்தில், ஹோல்டர் கோத்த ஒயரில் 5 வாட் எல்.இ.டி. பல்புகள் பத்தைத் தொங்கவிடுங்கள். பல்பின் அட்டைப்பெட்டியில் ‘வார்ம் ஒயிட்’ என்றோ 2700 அல்லது 3000 கெல்வின் என்றோ அச்சிட்டிருக்க வேண்டும். 6500 கெல்வின் பல்பு சமையலறைக்கு ஏற்றது, விருந்துக்கு அன்று. பத்து பல்புகளும் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆகும் மின்சாரம் கால் யூனிட்தான்.

கட்டும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் மேல் ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சாக ஒயரைப் பிணைக்க வேண்டும். எடையைக் கயிறு தாங்கட்டும். ஒயர் தாங்கக் கூடாது. பல்பு தரையிலிருந்து ஏழரை முதல் எட்டு அடி உயரத்தில் இருந்தால் தலையிலும் இடிக்காது, முகங்களும் நன்றாகத் தெரியும். சாப்பிடும் இடத்துக்கு மேல் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் தள்ளித் தள்ளியும் கட்டுங்கள். மூலைகள் சற்று இருட்டாக இருப்பதில் குறை எதுவும் இல்லை. அந்த இருட்டுதான் நடுவில் உள்ள வெளிச்சத்துக்கு அழகு சேர்க்கிறது.

கேள்வி: கயிறு கட்ட மாடியில் கம்பம் எதுவும் இல்லை. தளத்தில் துளையிட்டுக் குழாய் நடலாமா?

கூடவே கூடாது. தளத்தில் பதித்த ஓடுகளைத் துளைத்தால் அவற்றின் அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சுருக்கிக் கலவையும் சேர்ந்து உடையும். அடுத்த மழையில் கீழ் அறையின் கூரை ஒழுகத் தொடங்கும். ஒரு மாலை விருந்துக்காக அப்படி ஒரு செலவை இழுத்துக்கொள்ள வேண்டாம். காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளியில் பத்தடிச் சவுக்குக் கம்பை நிறுத்தி, சுற்றிலும் ஜல்லியும் மணலும் போட்டு இறுக்கிக் குத்துங்கள். வாளி ஏறத்தாழ 30 கிலோ கனக்கும். ஆனாலும் கயிறு உட்புறமாக இழுக்கும் என்பதால், கம்பைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்து, வெளிப்பக்கமாக ஒரு இழுவைக் கயிறும் கட்ட வேண்டும். தண்ணீர்க் குழாயில் மட்டும் கட்டிவிடாதீர்கள். வாளியைப் பழைய சேலைத் துண்டால் சுற்றிவிட்டால் அதுவே அலங்காரமாகிவிடும்.

கேள்வி: சீரியல் செட்டை நனையாமல் எப்படி வைப்பது? திடீரென்று தூறினால் பயமாக இருக்கிறது.

நீங்கள் பயப்படுவது சரிதான். ஒரு வளைகாப்புக்கு நானே அமைத்த விளக்குகளில், இரண்டு ஒயர்களைச் சேர்த்த இடத்தை அவசரத்தில் தரையிலேயே விட்டுவிட்டேன். கைகழுவிய தண்ணீர் அங்கே ஓடிவர, மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியான இ.எல்.சி.பி. விழுந்து மாடி முழுவதும் இருண்டது. அந்தக் கருவி இல்லாத வீடாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் உடல் பதறுகிறது. மாடிக்குச் செல்லும் இணைப்பு 30 மில்லி ஆம்பியரில் விழும் இ.எல்.சி.பி. வழியாகத்தான் வர வேண்டும். அலங்காரத்தில் எதைக் குறைத்தாலும் இதில் குறைக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் படிக்கட்டு அறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இணைப்புகள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். வெளியில் தொங்கும் விளக்குகளை, தூசியும் மழைநீரும் உள்ளே புகாது என்பதைக் காட்டும் ஐ.பி. 65 என்ற குறியீடு பார்த்து வாங்குங்கள். தூறல் விழுந்தால் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, பிறகு பாத்திரங்களை எடுத்து வையுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் ஈசல் வந்து சாப்பாட்டில் விழுகிறதே?

நீலம் கலந்த வெள்ளை ஒளிக்குத்தான் பூச்சிகள் அதிகமாக வரும். மஞ்சள் பல்புக்கு வருவது குறைவு. மாடியின் எதிர்மூலையில், விருந்திலிருந்து தள்ளி, ஒரு வெள்ளைக் குழல் விளக்கை எரியவிட்டால் பெரும்பாலான பூச்சிகள் அங்கே போய்விடும். கொசுவுக்கு ஒரு பெடஸ்டல் ஃபேன் போதும். அதன் காற்றை எதிர்த்துக் கொசுவால் பறக்க முடியாது.

கேள்வி: பூ அலங்காரத்துக்கு விலை கேட்டு மலைத்துவிட்டோம். மாற்று வழி உண்டா?

பூவை மேலே தொங்கவிடுவதால்தான் செலவு கூடுகிறது. கண்ணில் படும் இடம் தரை. மாலை நான்கு மணிக்குத் தளத்தைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் அரிசி மாவைக் கரைத்து நடுவில் ஒரு இழைக்கோலம் போட்டு, ஓரத்தில் காவி தீட்டுங்கள். காயக் காய வெள்ளை எழும்பிவரும். விளக்குப் போடும் நேரத்துக்கு அது தரையில் விரித்த கம்பளம் போல நிற்கும். கோலத்தின் நடுவே ஒரு உருளி நிறையத் தண்ணீர் விட்டு, கால் கிலோ சாமந்தியை உதிர்த்துப் போட்டால் பூச்செலவு அத்துடன் முடிந்தது. நாற்காலி வாடகைக்கு எடுப்பதைப் பாதியாகக் குறைத்து, ஒரு பக்கம் பவானி ஜமுக்காளம் விரித்துவிடுங்கள். குழந்தைகள் முதலில் அங்கேதான் உட்காருவார்கள். சுவரை மறைக்க அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் போதும், ஆனால் அவற்றின் அருகே விளக்கு ஏற்றக் கூடாது. தென்னங்குருத்துத் தோரணத்தை வாசலுக்கு மட்டும் வாங்குங்கள். குருத்தை வெட்டுவது மரத்துக்குக் கேடு என்பதால் அதைத் தாராளமாகப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: சோலார் விளக்குகள் வாங்கலாமா?

படியோரத்தில் வழி காட்டுவதற்கு வாங்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருந்தால் அவை பகலில் சரியாகச் சார்ஜ் ஆகாது. விருந்து முடியும் முன்பே மங்கிவிடும்.

கேள்வி: அகல் விளக்கு வைக்க ஆசை. ஆனால் மாடிக் காற்றில் நிற்பதில்லை.

புது அகல்களை முந்தைய நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் அவை எண்ணெயைக் குடிக்காது. அகலைத் தரையில் வைக்காமல், வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் இரண்டு அங்குலம் மணல் போட்டு அதற்குள் வையுங்கள். புட்டியின் விளிம்பு சுடரைவிட நான்கு விரல் உயரமாக இருந்தால் சுடர் ஆடுமே தவிர அணையாது. கைப்பிடிச் சுவரின் மேல் வைக்க வேண்டாம். தவறி விழுந்தால் கீழே தெருவில் போவோர் தலையில்தான் விழும். சுவரின் அடியில், குழந்தைகள் ஓடும் வழியிலிருந்து தள்ளி, வரிசையாக வையுங்கள்.