எட்டு வயதுக் குழந்தைக்கு, விலங்குகளே பாத்திரங்களாக வரும் ஆங்கிலச் சிறுவர் நாவலான ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ முழு நூலையும் வாசித்துக் காட்டலாமா, சுருக்கப் பதிப்பே போதுமா?

முழு நூலையே வாசித்துக் காட்டுங்கள். இரவில் குழந்தையின் அருகில் அமர்ந்து, கடினமான வரிகளைத் தமிழில் சொல்லியபடி வாசிக்கப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

என் மகனுக்கு எட்டு வயதானபோது இணையத்தில் ஒரு பதிப்பை வாங்கினேன். சுருக்கம் என்ற சொல் அட்டையில் எங்கும் இல்லை. உள்ளே தேரை மோட்டார் வண்டியைத் திருடியதும், சலவைக்காரி வேடமிட்டுச் சிறையிலிருந்து தப்பியதும், தன் மாளிகையை மீட்கும் சண்டையும் மட்டுமே இருந்தன. கென்னத் கிரஹாம் 1908 இல் வெளியிட்ட மூல நூலின் 12 அத்தியாயங்களில் ஐந்தாவது அதில் அடியோடு இல்லை. குழந்தைகளுக்குச் சிரிப்பு மட்டும் போதும் என்று யார் முடிவு செய்தார்கள் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

அந்த அத்தியாயத்தில், டிசம்பர் மாதத்து இருட்டில் அகழெலியும் ராட்டியும் ஆற்றங்கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. (ராட்டியை வெறுமனே ‘எலி’ என்று சொல்லிவிடாதீர்கள்; அது நம் வீட்டு அடுக்களையில் ஓடும் எலி அன்று, கரையில் வளை தோண்டி வாழும் நீரெலி.) வழியில், தான் விட்டுவந்த பழைய வளையின் வாசனை அகழெலியை எட்டுகிறது. அகழெலி நண்பனைக் கூப்பிடுகிறது; பனி கொட்டும் முன் வீடு சேர வேண்டுமென்று வெகுதூரம் முன்னே போய்விட்ட ராட்டிக்கு அந்தக் குரல் சரியாகக் கேட்கவில்லை. நண்பனை விட மனமில்லாமல் பின்னாலேயே போகும் அகழெலி, பிறகு ஒரு மரக்கட்டையின் மேல் அமர்ந்து விம்மி அழுகிறது. காரணம் தெரிந்ததும் ராட்டி தன்னையே கடிந்துகொண்டு, வந்த வழியே நண்பனைத் திருப்பி அழைத்துச் செல்கிறது.

தூசி படிந்த அந்த வீட்டில் உண்ண ஒன்றுமில்லையே என்று அகழெலி கூசிப்போகும்போது, மத்தி மீன் டப்பா திறக்கும் கருவி ஒன்றைப் பார்த்ததாகவும், அப்படியென்றால் மீனும் எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்றும் சொல்லி ராட்டி தேடக் கிளம்புகிறது. அந்த இடத்தில் என் மகன் புத்தகத்தின் மேல் கையை வைத்து, “அப்பா, நம்ம பழைய வீட்டுக்கும் வாசனை இருந்துச்சு இல்ல?” என்று கேட்டான். அந்த வீட்டை நாங்கள் காலி செய்து ஓராண்டு ஆகியிருந்தது. அதுவரை அவன் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

என் மகனுக்கு நேர்ந்தது எல்லாக் குழந்தைகளுக்கும் நேரும் என்று நான் சொல்லவில்லை. நடை பழையது, வருணனை நீளம் என்பாரின் குறையையும் மறுக்கவில்லை. ஏழாம் அத்தியாயத்தில் நானே சில பத்திகளைத் தாண்டிச் சென்றேன். ஆனால் ஐந்து வயதில் தாயை இழந்து, தேம்ஸ் நதிக்கரையில் குக்கம் டீன் என்ற ஊரிலிருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவர், பின்னாளில் தம் மகனுக்குச் சொன்ன கதைகளிலிருந்து உருவாக்கிய நூல் இது. வீட்டை நினைத்து அழும் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு அவர் பெயரை அட்டையில் அச்சிடுவது எனக்கு ஒப்பவில்லை.

வாங்கும் முன் பொருளடக்கத்தில் 12 அத்தியாயங்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாவதைத் தொடங்கும் இரவில் சற்று முன்னதாகவே உட்காருங்கள். அகழெலி அழும் இடத்தில் நிறுத்தினால் குழந்தை தூங்காது.