கிளவுடில் வேலை வேறு, கிளவுடைக் கட்டும் வேலை வேறு

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு, கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் கிளவுட் சான்றிதழ் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டார்கள், இவள் மட்டும் "எனக்கு அது வேண்டாம், நான் ஹைப்பர்வைசர் எழுதப் போகிறேன்" என்று ராத்திரியெல்லாம் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் உங்களிடம் காட்டியது ஒரே ஒரு எழுத்து. இதுதானே கவலை? அந்த எழுத்துக்கு வருகிறேன், அது சின்ன விஷயமில்லை.

ஒரு பெரிய சர்வரைப் பல சர்வர்கள்போல நடக்க வைக்கிற மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். ஒவ்வொரு பங்கிலும் தனி ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடும், ஒன்றின் மெமரியை இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. கிளவுடில் ஒருவர் சர்வர் வாடகைக்கு எடுக்கிறார் என்றால் பெரும்பாலும் அவர் கைக்கு வருவது இப்படி ஒரு பங்குதான். உங்கள் மகளின் நண்பர்கள் படிப்பது அந்தப் பங்கை எப்படி வாங்கி, அமைத்து, பராமரிப்பது என்று. நல்ல வேலை, ஆள் நிறைய தேவைப்படுகிற வேலை. இவள் கேட்பது அந்தப் பங்கு எப்படிப் பிரிகிறது என்பதை. இரண்டுக்கும் பெயரில் கிளவுட் இருப்பதால் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி அந்த எழுத்து. லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள், ஹைப்பர்வைசர் வேலைக்கென்றே கேவிஎம் என்று ஒரு பகுதி இருக்கிறது, 2007-இல் 2.6.20 பதிப்பில் சேர்ந்தது. அவள் எழுதிய புரோகிராம் கேவிஎம்மிடம் ஒரு மெய்நிகர் இயந்திரம் (மேலே சொன்ன பங்குக்குப் பெயர் அதுதான்) கேட்டிருக்கும், அதற்குக் கொஞ்சம் மெமரி ஒதுக்கி, நாலைந்து கட்டளைகளை பைட் பைட்டாக அதில் வைத்து, ஒரு மெய்நிகர் பிராசஸரைச் சேர்த்து, ஓடு என்று சொல்லியிருக்கும். உள்ளே ஓடுகிற குட்டி இயந்திரம் சீரியல் போர்ட்டுக்கு, அதாவது வெளியே தகவல் அனுப்பும் பழைய வகை இணைப்புக்கு, ஒரு எழுத்தை அனுப்பப் பார்க்கிறது. உண்மையில் அங்கே போர்ட்டே கிடையாது. அந்த நொடியில் பிராசஸர் அதை நிறுத்தி வெளியே வந்து, "இவன் இதைக் கேட்கிறான், என்ன செய்ய?" என்று உங்கள் மகளின் புரோகிராமிடம் கேட்கிறது. அவள் எழுத்தைத் திரையில் போட்டுவிட்டு, சரி, தொடர்ந்து ஓடு என்கிறாள். டிஸ்க், நெட்வொர்க் எதுவானாலும் அடிப்படையில் இந்தப் போக்குவரத்துதான். அதில் செலவாகும் நேரத்தைக் குறைக்கத்தான் இத்தனை வருடமாக எஞ்சினியர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு பிள்ளை யாரும் சொல்லாமல் இதைச் செய்து பார்த்திருக்கிறாள் என்றால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

"பழைய துறையாச்சே, எல்லாம் எழுதி முடித்திருப்பார்களே" என்று கேட்டிருந்தீர்கள். பழையதுதான். ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 என்று தன் பெரிய மெயின்ஃபிரேம் கணினிகளுக்கு இப்படி ஒன்றை வெளியிட்டது. ஆனால் பிறகு பிசிகளிலும் சர்வர்களிலும் பரவிய எக்ஸ்86 வகை பிராசஸர்கள் இதற்கு ஒத்துழைக்கவில்லை, சில கட்டளைகள் அனுமதியில்லாத இடத்தில் ஓடும்போது தடுத்துச் சொல்லாமல் சத்தமில்லாமல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 1998-இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஜென் என்ற ஹைப்பர்வைசர், உள்ளே ஓடும் கெர்னலையே திருத்திக்கொண்டது. 2005, 2006-இல் இன்டெலும் ஏஎம்டியும் பிராசஸரிலேயே வசதி செய்து கொடுத்த பிறகு கணக்கே மாறிப்போனது. அமேசான் 2006-இல் இசி2 என்ற சர்வர் வாடகைச் சேவையைத் தொடங்கியது ஜென் மேல். 2017-இல் நைட்ரோ என்று கேவிஎம் அடிப்படைக்கு நகர ஆரம்பித்தது. அடுத்த வருடமே ஃபயர்கிராக்கர் என்ற குட்டி ஹைப்பர்வைசரை ரஸ்ட் மொழியில் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டது. ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொண்டு புரோகிராம்களைத் தனித்தனியாக ஓட்டும் கன்டெய்னர் வந்துவிட்டது, இனி இது எதற்கு என்று பலர் பேசிய காலம் அது. அப்போதும் முன்பின் தெரியாத வாடிக்கையாளர்களை ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து உட்கார வைக்க, ஒருவரை ஒருவர் எட்டிப் பார்க்க விடாத இந்தச் சுவர் தேவைப்பட்டது. வன்பொருள் மாறுகிற ஒவ்வொரு முறையும் யாராவது இந்த அடுக்கைத் திரும்ப எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

பொறுப்பும் பெரியது. 2015-இல் வெனம் என்று ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. மெய்நிகர் இயந்திரத்துக்கு டிஸ்க், போர்ட் போன்றவற்றைப் பாவனை செய்து கொடுக்கும் கியூஎமு என்ற திறந்த மூல மென்பொருளில் ஃபிளாப்பி டிஸ்க்குக்காக எழுதி வைத்திருந்த பழைய கோட் வழியாக ஒரு மெய்நிகர் இயந்திரத்திலிருந்து வெளியே தப்பிவிடலாம் என்ற நிலை. ஃபிளாப்பியை யாரும் தொடாத காலத்தில்! இந்த வேலைக்கு வருகிறவருக்கு அந்த அளவு நிதானம் வேண்டும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. இந்த வேலை இடங்கள் குறைவு. பெரிய கிளவுட் நிறுவனங்கள், பிராசஸர் செய்கிறவர்கள், லினக்ஸ் நிறுவனங்கள் என்று எண்ணிச் சொல்லிவிடலாம், அதிலும் புதிதாகப் படித்து வருகிறவர்களுக்குக் கதவு கொஞ்சமாகத்தான் திறக்கும். ஆனாலும் நான் பயப்படாததற்குக் காரணம், இதற்காக அவள் படிக்கப்போகும் ஆப்பரேட்டிங் சிஸ்டம், கணினிக் கட்டமைப்பு, சி, ரஸ்ட் எதுவும் வீணாகாது. டிவைஸ் டிரைவர், எம்பெடட் (கருவிகளுக்குள் இருக்கும் கணினிகள்), பாதுகாப்பு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கை கொடுக்கும். சான்றிதழை வேண்டுமானால் கடைசி ஆண்டில் எழுதிக்கொள்ளட்டும். ஹைப்பர்வைசர் குழுவில் யாரும் அதைப் பார்த்து வேலை கொடுக்க மாட்டார்கள், அவள் எழுதிய கோடைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் முதலில் எம்ஐடியின் எக்ஸ்வி6 என்ற பாடத்துக்கான சிறிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை வரி வரியாகப் படித்து முடிக்கட்டும், நாலு மாதம் ஆனாலும் பரவாயில்லை. அப்புறம் கியூஎமுவில் ஒரு சின்னப் பிழையைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை பேட்ச் என்று அதை எழுதுகிறவர்களுக்கு அனுப்பட்டும். முதல் பேட்ச் திரும்பி வரும், இதைத் திருத்து, அதை விளக்கு என்று கேள்வியோடு வரும். அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டு முடங்காமல் மறுநாள் சரிசெய்து அனுப்புகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். இரண்டு மூன்று முறை ஆன பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் திறந்த மூலத் திட்டங்களில் புதியவர்களை வேலை செய்ய வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில் கியூஎமு திட்டங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம். குறைந்துவிட்டால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான், அப்போது சான்றிதழ் பக்கம் திரும்ப நேரம் நிறைய இருக்கும்.

இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்பை மட்டும் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு எழுத்துப் புரோகிராமையே ஒரு முழு லினக்ஸ் கெர்னலை பூட் செய்கிற அளவுக்கு வளர்க்க முடியுமா என்று அவளைக் கேட்டு, அவள் சொல்லும் பதிலை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.