எக்ஸ்எக்ஸ்எல்லுக்கு மேல் அளவுள்ள பெண்கள் ஜிம்முக்கும் வாக்கிங்குக்கும் எடுப்பாக என்ன போடலாம்?

கேள்வியை எழுதிவிட்டுக் கடைசியில், "இல்லை, முதலில் உடம்பைக் குறைத்துக்கொண்டு அப்புறம்தான் இதற்கெல்லாம் ஆசைப்பட வேண்டுமா?" என்று சேர்த்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வேண்டாம். நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். வீட்டுக்காரரின் பழைய டீ-ஷர்ட், தொடையில் பை மாதிரி தொங்கும் நைட் பேண்ட், மேலே ஒரு ஷால். இந்தக் கோலத்தில் கோவை ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று, ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், நடந்து முடிப்பதற்குள் டீ-ஷர்ட்டைக் கீழே இழுப்பது முப்பது தடவை, பேண்ட்டை மேலே இழுப்பது முப்பது தடவை. தெரிந்தவர்கள் எதிரே வந்தால் மரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். கடைசியில் எடை குறையவில்லை, நடக்கப் போகிற நாட்கள்தான் குறைந்தன.

என் அளவையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒல்லியாக இருப்பவள் உபதேசம் பண்ணுகிறாள் என்று தோன்றும். வயது 44, உயரம் 157 செ.மீ., எடை 92 கிலோ. மார்பு 45 அங்குலம், இடுப்பு 41, பின்புறச் சுற்று, டெய்லர் பாஷையில் சீட், 50. இப்போது வாரத்தில் ஐந்து நாள் போகிறேன். எடை பெரிதாக மாறிவிடவில்லை, உடுப்புதான் மாறியது.

மாற்றிவிட்டவர் என் அத்தை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷம். செக்கிங்கில் சேர்ந்து, கடைசிப் பத்து வருஷம் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தவர். ஒரு தடவை ஆன்லைனில் வாங்கிய த்ரீ எக்ஸ்எல் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்று, "பாருங்க அத்தை, எதைப் போட்டாலும் எனக்கு இப்படித்தான்" என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தோள்பட்டைத் தையலைப் பிடித்துப் பார்த்தார். "ஏனம்மிணி, உன்ற ஒடம்புக்கு என்ன கொறச்சல்? மீடியம் சைஸுக்கு அட்டை வெட்டி, அதையே நாலு பக்கமும் இழுத்து உட்டுருக்கானுக. ஆளு அகலமானாக் கழுத்துமா அகலமாகும்?"

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதம் இது. பெரும்பாலும் ஒரே ஒரு அளவுக்குத்தான், எம்முக்கோ எல்லுக்கோ, பேட்டர்ன் (அத்தை சொன்ன அந்த வெட்டும் அட்டை) போட்டு, தைத்து ஆளுக்கு மாட்டிச் சரிபார்ப்பார்கள். மற்ற அளவுகளை அதிலிருந்து கணக்குப் போட்டுக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். இதற்குக் கிரேடிங் என்று பெயர். மார்பில் இவ்வளவு ஏற்றினால் தோளில் இவ்வளவு, கழுத்தில் இவ்வளவு, நீளத்தில் இவ்வளவு என்று ஒரு வாய்ப்பாடு. பக்கத்துப் பக்கத்து அளவுகளுக்கு இது ஒத்துவரும். அதையே நாலைந்து படி இழுத்தால் தோள் தையல் கைக்கு இறங்கிவிடும், கழுத்து அகன்று பிராப் பட்டை வெளியே தெரியும், நீளம் முழங்காலைத் தேடும். நமக்கு வயிறும் தொடையும் மேல்கையும்தான் பெருக்கின்றன. தோள் எலும்பு அங்கேயேதான் இருக்கிறது. அமெரிக்க ஆர்டர்களில் 18 என்று ஒரு சைஸ் இருக்கும், 18டபிள்யூ என்று தனியாக இன்னொன்று இருக்கும். டபிள்யூ போட்டது பெரிய உடம்புக்கென்று வேறு விகிதத்தில் வெட்டுவது. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் த்ரீ எக்ஸ்எல்லில் பாதிக்கு மேல் மீடியத்தை ஊதிப் பெருக்கியதுதான் என்பது என் அனுமானம்.

அதனால் கடையில் நான் இப்போது லேபிளைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் தோள் தையல். அது எலும்பின் விளிம்பில் உட்கார்ந்து, அதே சமயம் மார்பிலும் மேல்கையிலும் இறுக்காமல் இருந்தால், தைத்தவர் நம்மை நினைத்துத்தான் பேட்டர்ன் போட்டிருக்கிறார். இல்லையா, எவ்வளவு அழகான நிறமானாலும் திரும்ப ரேக்கில் மாட்டிவிடுவேன்.

இனி பிராவுக்கு வருகிறேன். பணத்தை எதிலாவது கொட்டுவதென்றால் இதில் கொட்டுங்கள். மேலே போடுவது எடுப்பாகத் தெரிவதும் தெரியாததும் பாதி இதைப் பொறுத்தது. நம் கடைகளில் "எத்தனை சைஸ்?" என்று கேட்டால் எல்லாரும் ஒரு நம்பரைச் சொல்வோம். நான் இருபது வருஷமாக "44" என்றே வாங்கினேன். கப் எழுத்து என்னவென்று கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இஞ்ச் டேப்பை வைத்து அளந்து பார்த்த அன்றுதான் வண்டவாளம் தெரிந்தது. மூச்சை விட்டுவிட்டு மார்புக்குக் கீழே இறுக்கமாகச் சுற்றி அளந்தால் 40. மார்பின் எடுப்பான இடத்தில் 45. வித்தியாசம் ஐந்து. ஓர் அங்குலத்துக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நாலுக்கு டி, ஐந்துக்கு டபுள் டி என்று போகும். ஆக நான் 40 டபுள் டி. 44 போட்டதால் கீழ்ப்பட்டை முதுகில் ஏறிக்கொண்டே போனது, பாரம் முழுக்கத் தோள் நாடாவில் விழுந்தது, தோளில் பள்ளம். தாங்க வேண்டியது கீழே சுற்றும் பட்டை. நாடா சும்மா துணைக்கு.

ஸ்போர்ட்ஸ் பிராவில் இரண்டு வகை. ஒன்று, மொத்தமாக அமுக்கிக் கட்டிவிடும் வகை. தலை வழியாகப் போடுவது. இன்னொன்று, சாதாரண பிரா மாதிரி இரண்டு கப்பும் தனித்தனியாக வைத்துத் தாங்குவது. பெரிய மார்புக்கு இரண்டாவதுதான் சரி, இரண்டும் கலந்தது இன்னும் நல்லது. பின்னால் ஊக்கோ முன்னால் ஜிப்போ கட்டாயம் இருக்கட்டும். காரணம் சொல்கிறேன். ஒரு கடையின் ட்ரையல் ரூமில் தலை வழியாகப் போடும் ரகம் ஒன்றை எப்படியோ போட்டுவிட்டேன், கழற்ற முடியவில்லை. பாதி ஏறிக் கழுத்துக்கும் அக்குளுக்கும் நடுவில் கயிறாகச் சுருண்டு கொண்டது. இரண்டு கையும் மேலே, வேர்வை ஆறாக. வெளியே நின்ற கடைப் பெண் "மேடம், ஆச்சா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டது. கடைசியில் அவளைத்தான் உள்ளே கூப்பிட்டேன். நல்ல பெண், சிரிக்கவே இல்லை. வெளியே வந்து நான்தான் சிரித்தேன்.

ஊக்கு வைத்ததைப் போட்டுக்கொண்டு ட்ரையல் ரூமிலேயே பத்துத் தடவை குதியுங்கள். இரண்டு கையையும் தூக்குங்கள். கீழ்ப்பட்டை நகர்ந்தால் வேண்டாம். வெட்கப்பட வேண்டியதில்லை, கதவு மூடித்தானே இருக்கிறது.

ஒரு பழைய கதையும் உண்டு. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லிசா லிண்டால் என்ற பெண் ஓட்டப் பயிற்சிக்கு எதுவும் சரிப்படாமல், நாடக உடை தைக்கும் தோழி பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் இருவரோடு சேர்ந்து எதையெதையோ தைத்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் ஆண்கள் விளையாடும்போது உள்ளே போடும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டை வாங்கி, சேர்த்துத் தைத்ததுதான் முதல் ஸ்போர்ட்ஸ் பிரா என்று சொல்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சமாதானமாக இருந்தது. நானும் கொஞ்ச நாள் இரண்டு பிராவை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடியவள்தான். (செய்யாதீர்கள், மூச்சு முட்டும்.)

பேண்ட்டில் பார்க்க வேண்டியது இடுப்புப் பட்டை, துணி, தொடை இடுக்கு. பட்டை நாலு விரல் அகலமாவது இருந்து, தொப்புளுக்கு மேல் வந்து உட்கார வேண்டும். ஒல்லியான எலாஸ்டிக் வயிற்றை இரண்டாகப் பிரித்துக் காட்டும், உட்கார்ந்தால் சுருண்டுவிடும். உள்ளே ஒரு நாடா இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். துணிக்கு ஒரு சோதனை: உள்ளே கையை விட்டு விரித்து, பின்னாலிருந்து போன் டார்ச்சை அடியுங்கள். விரல் தெரிந்தால் குனியும்போது மற்றதும் தெரியும். பனியன் துணியின் கனத்தை ஜிஎஸ்எம்மில், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று, சொல்வார்கள். சாதாரண டீ-ஷர்ட் 180 போல இருக்கும். பேண்ட்டுக்கு 220க்குக் கீழே நான் தொடுவதில்லை. சுடிதாருக்குப் போடும் பருத்தி லெக்கின்ஸைத் தயவுசெய்து இதற்குப் போடாதீர்கள். வேர்வையைக் குடித்துக் கனத்துப்போய் இறங்கும், ஈரம் நமக்கே தெரியாமல் பின்னால் படம் போடும். நைலானும் லைக்ராவும் கலந்தது நாலு பக்கமும் இழுபடும், சீக்கிரம் காயும்.

தொடை இடுக்கில் நாலு தையலும் ஒரே புள்ளியில் கூடினால் அந்த இடம்தான் உரசிப் புண்ணாகும், அங்கேதான் கிழியும். நல்ல பேண்ட்டில் அங்கே சாய்சதுரமாகத் தனித்துண்டு வைத்திருப்பார்கள். தையலும் உள்ளே மேடு தட்டாமல் ஃப்ளாட்லாக்காக இருக்க வேண்டும். விரலால் தடவினாலே தெரியும். அப்படியும் உரசினால் கிளம்பும் முன் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். தொடை உரசல் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, ஆனால் நம்மில் பலர் நடப்பதை நிறுத்துவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நீளம் கணுக்கால் வரை. கெண்டைக்காலின் பருமனான இடத்தில் நிற்கும் முக்கால் பேண்ட் எனக்குக் காலைத் தூண் மாதிரி காட்டுகிறது. இதே கணக்குதான் டாப்புக்கும். எங்கே துணி முடிகிறதோ அங்கே கண் நிற்கும். சீட்டின் அகலமான இடத்தில் முடியும் டாப்பைவிட, அதற்கு நாலு விரல் மேலேயோ கீழேயோ முடிவது நல்லது. இரண்டு பக்கமும் குர்தி மாதிரி ஸ்லிட் இருந்தால் உட்காரும்போது மடியில் சேராது. கை, மேல்கையின் நடுவில் வெட்டாமல் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வரட்டும். தொளதொளவென்று போட்டால் மறையும் என்று நினைத்துத்தான் நானும் இருந்தேன். கூடாரம் போட்டால் உள்ளே யானை இருக்கிறதென்றுதான் பார்ப்பவர் நினைப்பார். மேலே தோளிலும் மார்பிலும் பிடித்து, வயிற்றில் தொட்டும் தொடாமலும் விழுவதுதான் எடுப்பு.

நிறம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கறுப்பு மட்டும்தான் போட வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. புடவை எடுக்கப் போனால் எம்.எஸ். நீலம், அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று ஒரு மணி நேரம் புரட்டுகிற நாம், இதில் மட்டும் ஏன் துக்கம் காக்க வேண்டும்? நான் தவிர்ப்பது வெளிர் சாம்பல் ஒன்றைத்தான், வேர்வையை அப்பட்டமாகக் காட்டிக்கொடுக்கும்.

எங்கே வாங்குவது? டெக்கத்லானில் போட்டுப் பார்த்து, குனிந்து நிமிர்ந்து எடுக்கலாம். பெரிய அளவுகள் எல்லா மாடலிலும் இருக்காது, பொறுமையாகத் தேட வேண்டும். பெங்களூரு பிளிஸ்கிளப், பிராவுக்கு ஜிவாமே என்று ஆன்லைனில் பார்க்கலாம். ஆன்லைனில் எக்ஸ் எத்தனை என்பதைப் பார்க்காதீர்கள். ஒரு கடையின் டூ எக்ஸ்எல் இன்னொரு கடையில் எக்ஸ்எல். அங்குலத்தில் போட்டிருக்கும் அளவுப் பட்டியலையும், வாங்கியவர்கள் போட்ட படங்களையும் பாருங்கள். உங்களிடம் ஏற்கெனவே பாந்தமாக இருக்கும் ஒரு டாப்பைத் தரையில் விரித்து அளந்து ஒப்பிட்டால் தவறு குறையும். ஒல்லிப் பெண்ணுக்குப் பின்னால் கிளிப் போட்டு எடுத்த படத்தை நம்பி நான் விட்ட பணத்தில் ஒரு ஷூ வாங்கியிருக்கலாம்.

திருப்பூர் பக்கம் போக முடிந்தால் காதர்பேட்டை பனியன் கடைகளை விடாதீர்கள். எக்ஸ்போர்ட் மிச்சம், சிறு குறைக்காகக் கழித்த செகண்ட்ஸ் எல்லாம் வரும். வெளிநாட்டு ஆர்டர் என்பதால் பெரிய அளவுகளும் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் அந்த டபிள்யூ லேபிளும். ஓட்டை, தையல் விட்டது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து எடுங்கள். பனியன் துணியைக் கிலோவிலும் வாங்கலாம். 180 ஜிஎஸ்எம் துணி ஒரு கிலோ என்றால் ஐந்தரை சதுர மீட்டர் வரும், என் அளவுக்கு மூன்று டாப். ஓவர்லாக் மிஷின் வைத்திருக்கும் டெய்லராகப் பார்த்துக் கொடுக்க வேண்டும், சாதாரண மிஷினில் நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறும். என்னிடம் இப்போது இருப்பதில் எனக்குப் பிடித்த இரண்டு அத்தை வெட்டிக் கொடுத்தவை. ஒன்று அரக்கு, ஒன்று மயில் கழுத்து நிறம்.

துவைக்கும்போது வெந்நீர் வேண்டாம், மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். லைக்ரா சூட்டில் செத்துவிடும். நிழலில் காயப் போடுங்கள்.

ஷால் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நடைக்கு உங்கள் இஷ்டம். ட்ரெட்மில்லில் மட்டும் வேண்டவே வேண்டாம், பெல்ட்டில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். நான் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறேன், மாமியாருக்காக. ஜிம் வாசலில் மடித்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவேன். போன வாரம் திரும்பி வரும்போது எடுத்துப் போட மறந்துவிட்டேன். மாமியார் ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கலர் உனக்கு நல்லா இருக்குது" என்றார்.