டெர்ரியில் ஒரே பள்ளியில் படித்த இருவருக்கு நோபல் பரிசு கிடைத்தது எப்படி?

கேள்வியில் உள்ள பள்ளி, வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் இருக்கும் செயின்ட் கொலம்ஸ் கல்லூரி. அந்த இருவர் ஷேமஸ் ஹீனி (இலக்கியம், 1995), ஜான் ஹ்யூம் (அமைதி, 1998, டேவிட் டிரிம்பிளுடன் சேர்ந்து). பெயரில் கல்லூரி இருந்தாலும் இது கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியும் அப்படித்தானே! வட அயர்லாந்தில் இந்த வகையை 'கிராமர் ஸ்கூல்' என்பார்கள். 'இலக்கணப் பள்ளி' என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். நுழைவுத் தேர்வில் தேறியவர்களைச் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் பள்ளி அது.

1879இல் பிஷப் தெருவில் தொடங்கியபோது மறைமாவட்டத்துக்குக் குருக்களை உருவாக்குவதே முதல் நோக்கம். அதனால் லத்தீனுக்குத் தனி இடம் இருந்தது. கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் வந்தார்கள்.

இதை மாற்றியது 1947ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பத்து, பதினொரு வயதில் அரசுத் தேர்வு எழுதித் தேறினால் படிப்புக் கட்டணம் கிடையாது. அந்தத் தேர்வின் முதல் அணியில் வந்தவர் ஹ்யூம். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்துப் பிறகு வேலையில்லாமல் இருந்தவர் அவருடைய தந்தை. வீட்டில் ஏழு பிள்ளைகள். பழைய கட்டண முறையில் அவர் இங்கே படித்திருப்பது மிகக் கடினம். ஹீனி விவசாயக் குடும்பம். 1951இல் உதவித்தொகை பெற்று விடுதி மாணவராகச் சேர்ந்தார்.

ஆனால் புகழ்பெற்ற பழைய மாணவர் அத்தனை பேரையும் இந்தச் சட்டத்தின் கணக்கில் எழுதுவது தவறு. நாடகாசிரியர் பிரையன் ஃப்ரீல் பிறந்தது 1929இல். ஆசிரியர் மகனான அவர் சட்டம் வருவதற்கு முன்பே இங்கே படித்து முடித்தவர். பிற்காலத்தில் ஆயரான எட்வர்ட் டேலி (பிறப்பு 1933) சேர்ந்ததும் முன்புதான். பிறந்த ஆண்டோடு பதினொன்றைக் கூட்டினால் யார் எந்தப் பக்கம் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

பள்ளிக்குள்ளே இரண்டு உலகங்கள் இருந்தன. ஒன்று, மாலையில் போக்சைட் (டெர்ரியின் கத்தோலிக்கக் குடியிருப்பு) தெருக்களுக்குத் திரும்பும் உள்ளூர்ப் பையன்கள். மற்றது, பூசை, படிப்பு, மணியோசை என்று வாழ்ந்த கிராமத்து விடுதிப் பையன்கள். ஹீனியின் வீடு சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. 1953இல் சாலை விபத்தில் தம்பி இறந்த செய்தி வந்தபோதும் அவர் இந்த விடுதியில்தான் இருந்தார். இரு சாராரையும் ஒன்றாக நிறுத்தியவற்றில் அயர்லாந்தின் சொந்த விளையாட்டான 'கேலிக்' (Gaelic) கால்பந்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1965இல் அகில அயர்லாந்துப் பள்ளிகளுக்கான ஹோகன் கோப்பையை இவர்கள் வென்றார்கள்.

படிப்பு கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. என் பார்வையில் இந்தப் பள்ளியின் வரலாற்றில் முக்கியமான முடிச்சு இதுதான். அன்றைய உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு வரி செலுத்தும் குடும்பத் தலைவருக்கும் அவர் துணைவருக்கும்தான் பெரும்பாலும் வாக்கு. பட்டம் பெற்றுவிட்டுப் பெற்றோர் வீட்டில் இருப்பவருக்கு வாக்கு இல்லை. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக இருந்தும், வார்டு எல்லைகளை வளைத்து வரைந்ததால் நகராட்சி, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய யூனியனிஸ்டுகள் கையில் இருந்தது. ஹ்யூம் இதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பி வந்து பிரெஞ்சும் வரலாறும் கற்பித்தார். 1965இல் புதிய பல்கலைக்கழகத்தை டெர்ரிக்குத் தராமல் கோல்ரெய்னுக்குக் கொடுத்தபோது போராட்டத்தின் முன்னணியில் நின்றார். 1968இல் சம உரிமை கேட்ட குடிமை உரிமை இயக்கம் டெர்ரி தெருவில் இறங்கியபோது, இலவசக் கல்வி பெற்ற தலைமுறைக்கு இருபது, முப்பது வயது.

பள்ளி 1973இல் பன்க்ரானா சாலைக்கு இடம் மாறியது. பழைய வளாகத்தில் 1997 முதல் லூமன் கிறிஸ்டி கல்லூரி நடக்கிறது.

இந்தக் கதையில் விடுபடுகிறவர்கள், பதினொரு வயதில் தேறாத பையன்கள். அவர்களே பெரும்பான்மை. ஒரே வீட்டில் அண்ணன் கிராமர் ஸ்கூலுக்கும் தம்பி வேறு பள்ளிக்கும் போக நேர்ந்தது. அரசு நடத்திய அந்தத் தேர்வு 2008உடன் நின்றது. பள்ளிகள் தாங்களே தேர்வு வைத்துக்கொண்டன, 2023 முதல் பொதுத் தேர்வாக.